சுருக்கத் துணிக்கு இஸ்திரி

எங்கள் தளத்தில் என் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் என்னை 'ஸ்கேல்' என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். கோபமில்லை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் புரொடக்‌ஷன் மேனேஜருக்கு வேறு என்ன வேலை? முதல் பீஸ் எப்படியோ கடைசி பீஸும் அப்படியே இருக்க வேண்டும். ஒரு காலர் நூலளவு கோணினாலும் என் கண்ணை உறுத்தும். அப்புறம் என் வாய் சும்மா இருக்காது.

அன்று மத்தியானம் பையரம்மா, அதாவது எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் பெண்மணி, வருவதாக இருந்தது. கணுக்கால் வரை இறங்கும் மெல்லிய பருத்தி கவுன்களைப் பார்க்க வருகிறார். அந்த கவுனுக்கு அழகே சுருக்கம்தான். மேலிருந்து கீழே பொடிப்பொடியாக ஓடும். வெளியே சலவைப் பட்டறையில் சுருக்கி வந்த துணியை எங்கள் லைனில் தைத்து, ஒரு ஸ்டாண்ட் நிறைய மாட்டி வைத்திருந்தோம். அவர் தலையசைத்தால் ஆர்டர் எங்களுக்கு.

அதற்கு முந்தின வாரம்தான் என் அக்கா வீட்டுக்காரரை இஸ்திரி மேசையில் சேர்த்திருந்தேன். சொந்தமாக சலவைக் கடை வைத்திருந்த மனிதர். கடை இருந்த கட்டிடத்தை இடித்த பிறகு சன்னலோரம் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு பாதி, பேச்சு அதிலும் பாதி. அக்கா ஃபோனில் அழுதாள். நான் முதலாளியம்மாவிடம் போய் நின்றேன்.

"சொந்தக்காரங்களைச் சேத்தா தலைவலிதான். ஒரே ஒரு பீஸ் கெட்டாலும் அவரை அனுப்பிடுவேன். அதை நீதான் அவர்கிட்ட சொல்லணும்" என்றார்.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மாமாவும் உற்சாகமாகத்தான் வந்தார். வந்த முதல் நாளே எல்லோர் முன்னாலும் என்னைப் "பாப்பா" என்று கூப்பிட்டு என் மானத்தை வாங்கினார். நாற்பது வயதுப் பாப்பாவைப் பார்த்து லைனே சிரித்தது.

அன்று காலை நான் வெட்டும் அறையில் சண்டை போட்டுவிட்டு, இஸ்திரி போடும் ஃபினிஷிங் பக்கம் வந்தேன். மாமா கடைசி கவுனை ஹேங்கரில் மாட்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் பல்.

"வா பாப்பா. யார் தைச்சாங்களோ, எல்லாத்தையும் இப்படியா கசக்கி வைப்பாங்க? பாரு இப்போ. ஒரு சுருக்கம் காட்டு, பாக்கலாம்!"

பார்த்தேன். ஸ்டாண்ட் முழுக்க கவுன்கள் காகிதம் மாதிரி மொழுமொழுவென்று தொங்கின. ஒன்றுகூட மிச்சமில்லை.

"அய்யோ மாமா! சுருக்கம்தான் இதுல டிசைனே! அதுக்குத்தானே காசு கொடுத்து வாங்கறாங்க! ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்று கத்தினேன். தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மாமா இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை மெதுவாக அணைத்தார். சலவைக்காரருக்குச் சுருக்கம் என்றாலே எதிரி. சட்டை வந்தால் நீக்குவார், சேலை வந்தால் நீக்குவார். சுருக்கத்தை விலை கொடுத்து வாங்குகிற உலகம் ஒன்று இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? இதைச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு நியாயம் வரவில்லை, கத்தல்தான் வந்தது.

பட்டறைக்கு அனுப்பி வாங்க நேரம் கிடையாது. முதலாளியம்மா பையரை அழைத்துவரப் போயிருந்தார். மாமாவின் முகம் மறுபடி அந்தச் சன்னலோர முகமாக மாறுவதைப் பார்த்தேன். அதைப் பார்த்ததும்தான் என் மூளை வேலை செய்தது. பட்டறையில் மெஷின் செய்வதைக் கையால் செய்தால் என்ன?

"எல்லாரும் எழுந்து வாங்க! தண்ணி தெளிங்க. ரெண்டு ரெண்டு பேரா நில்லுங்க!"

இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, ஈரமான கவுனை நீளவாக்கில் சுருக்கி, எதிரெதிராக முறுக்கினோம். முறுக்கு ஏற ஏறத் துணி தானே பாதியில் மடங்கிச் சுருண்டு கெட்டியாக உட்காரும். அதை நாடாவால் கட்டி, பாய்லர் அறையின் சூடான குழாய்கள்மேல் அடுக்கினோம். பட்டன் வைக்கிற பெண்ணும் வாட்ச்மேனும் ஒரு ஜோடி. மாமாவுக்கு எதிர்முனை நான். அவர் முறுக்கிய வேகத்தில் என் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. என் முகத்தைப் பார்க்காமலே முறுக்கினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மத்தியானம் முதல் கட்டை நான்தான் அவிழ்த்தேன். காய்ந்திருந்தது. தோள்பட்டையைப் பிடித்து ஒரு உதறு உதறினேன்.

அம்மாடி! நான் என்னத்தைச் சொல்ல? தோளில் நெருக்கமாகத் தொடங்கிய கோடுகள் இடுப்பில் சாய்ந்து, முழங்காலுக்குக் கீழே விரிந்து ஓடின. காற்று அடித்த மணல்மேடு மாதிரி இருந்தது. அடுத்ததை உதறினேன். அது வேறு. அதற்கடுத்தது இன்னும் வேறு. வாட்ச்மேன் முறுக்கியது முரடாக, ஆழமாக. பட்டன் பெண் பிடித்த முனையில் மயிரிழை மயிரிழையாக. யார் எவ்வளவு அழுத்திப் பிடித்தார்களோ அதெல்லாம் துணியில் இருந்தது. இத்தனை வருடம் இந்தக் கைகளை எல்லாம் ஒரே கையாக்கத்தான் நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உதற உதற ஸ்டாண்டில் மாட்டினோம். தினம் துணியைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள் நாங்கள், வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

அந்த நேரம் பார்த்து முதலாளியம்மாவும் பையரம்மாவும் உள்ளே வந்தார்கள்.

பையரம்மா ஸ்டாண்டில் இருந்து இரண்டு கவுன்களை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "நான் ஓகே பண்ண சாம்பிள் இது இல்லையே. ரெண்டும் ஒண்ணா கூட இல்லையே" என்றார்.

முதலாளியம்மா என் பக்கம் திரும்பினார். "என்ன இது? உன் கண்ணுல படலையா?"

மாமா இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. "பட்டறையிலயே இப்படித்தான் வந்துச்சு. அவங்க..." என்று ஆரம்பித்தேன்.

"பட்டறைக்காரங்க மேல பழி போடாதே பாப்பா" என்றார் மாமா. முன்னால் வந்தார். "நான்தாங்க. நல்லாயிருந்த துணிக்கு இஸ்திரி போட்டுக் கெடுத்துட்டேன். காலையில இருந்து இவ கூட சேந்து எல்லாரும்தான் கையால முறுக்கி ஒப்பேத்தினாங்க. இவ மேல தப்பு இல்லைங்க. நான் கெளம்பறேன்."

தன் வேலையைத் தன் வாயாலேயே முடித்துக்கொண்டார். அதுவும் முகம் தெரியாத யாரோ பட்டறைக்காரனுக்காக. துணியைப் பார்த்து வாய் பிளந்தேனே, அதெல்லாம் எந்த மூலைக்கு! இந்த மனுஷனிடமா காலையில் ஊர் கூட்டிக் கத்தினேன் என்று எனக்கு உடம்பே கூசியது.

பையரம்மா கவுனைக் கீழே வைக்கவில்லை. விரலால் ஒரு கோட்டைத் தடவிக்கொண்டே வந்து, அது இன்னொரு கோட்டில் சேரும் இடத்தில் நின்றார். "இன்னைக்குக் காலையில கையால போட்டதா இது?"

"ஆமாங்க" என்றேன்.

"ஆர்டர் முழுக்க இப்படிப் பண்ணினா, எல்லாம் ஒரே மாதிரி வருமா?"

வரும் என்று சொல்வதுதான் என் பிழைப்பு. மாமா என்னையே பார்த்தார்.

"வராதுங்க. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வரவே வராது."

பையரம்மா இரண்டையும் தன் தோளில் போட்டுக்கொண்டார். "அப்போ இதுதான் வேணும்" என்றார்.

முதலாளியம்மா மாமாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை தோலுரிந்து செக்கச்செவேலென்று இருந்தது.

"இதுக்கு மருந்து போடுங்க. நாளைக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு, பையரம்மாவுடன் ஆபீஸ் அறைக்குப் போனார்.

மாமா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் பஞ்சை மருந்தில் நனைத்து அவர் கையைத் துடைத்தேன். "மன்னிச்சிடுங்க மாமா" என்றேன்.

"அதெல்லாம் விடு. உங்க அக்காகிட்ட மட்டும் இந்த முறுக்கற சமாச்சாரத்தைச் சொல்லிடாதே" என்றார், கை எரிச்சலில் முகத்தைச் சுளித்துக்கொண்டே. "நாளையில இருந்து வீட்டுப் போர்வையெல்லாம் முறுக்கிப் பிழியறது என் தலையிலதான்."