தென்மேற்கு, மூன்று புள்ளி இரண்டு

எங்கள் ஏரியைக் கணினித் திரையில் ஏழு பெட்டிகள் பார்த்துக்கொள்கின்றன. முதல் பெட்டி ஒரு இணையச் சேவையிடம் நீரின் வெப்பத்தைக் கேட்கும். இரண்டாவது, வேறொரு நிறுவனத்தின் சர்வரிடம் காற்றைக் கேட்கும். மற்றவை அந்த எண்களைச் சுத்தம் செய்து, கணிப்பு மாடலுக்குள் அனுப்பி, நச்சுப் பாசிப்படலம் எந்தக் கரையில் ஒதுங்கும் என்று படம் வரைந்து கொடுக்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இது தானாக நடக்கும். வேலை முடிந்த பெட்டி பச்சையாகும். ஏழும் பச்சை என்றால் நான் செய்ய ஒன்றுமில்லை. பதினோரு வாரமாக ஏழும் பச்சை.

அம்மா போயும் பதினோரு வாரம்.

மதியம் ஒரு மணிக்குத் தங்கை போன் செய்வாள்.

"சாப்பிட்டியாக்கா?"

"சாப்பிட்டேன்."

"தூங்கினியா?"

"ம், தூங்கினேன்."

"ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கியா? தினமும் அதே குரல்ல அதே பதில்."

சிரித்தேன். அவளுக்குச் சிரிப்பாகத்தான் கேட்டிருக்க வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, போனை வைத்ததும் படகோட்டி உள்ளே வந்தார். ஏரியில் எங்களுக்காகத் தண்ணீர் மொண்டு வருபவர். என் முனைவர் பட்டத்தைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து நான் அவருக்கு டாக்டரம்மா.

"முதுகு வலின்னு வந்தா பாக்க மாட்டீங்க, ஏரிக்கு மட்டும்தான் வைத்தியம்" என்றபடி புட்டிகளை மேசையில் வைத்தார். நான்கும் கரும்பச்சையாக இருந்தன.

"எந்தக் கரை?"

"தெக்குக் கரை. இதுவரைக்கும் அங்க மொண்டதில்ல."

"தெற்கிலயா? அங்க படலமே கிடையாதே."

"யார் சொன்னா? ரெண்டு மாசமா வடக்குக் காத்து பிச்சு எடுக்குது. போன வாரம் படகே கவிழப் பாத்துச்சு. உங்க கம்ப்யூட்டருக்கு மூக்கடைப்பா, காத்து ஏறலையா?"

அவர் போன பிறகு இரண்டாவது பெட்டியைத் திறந்து பார்த்தேன். தென்மேற்கிலிருந்து, நொடிக்கு மூன்று புள்ளி இரண்டு மீட்டர். அதற்கு முந்தையதும் அதே. அதற்கும் முந்தையதும் அதே. முந்நூற்றெட்டு முறை ஒரே காற்று.

அதைச் செய்தது நான்தான். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் அந்தக் காற்றுச் சேவை அடிக்கடி பதில் தராமல் விழுந்துகொண்டிருந்தது. விழும்போதெல்லாம் எச்சரிக்கையாக என் போன் அலறியது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து லேப்டாப்பை எடுத்து, மடியில் வைத்து, ஒரு வரி சேர்த்தேன்: பதில் வராவிட்டால் கடைசியாக வந்த பதிலையே எடுத்துக்கொள். பக்கத்தில் 'தற்காலிகம்' என்று குறித்தேன். எங்கள் தொழிலில் எல்லாரும் எழுதுகிற சொல்தான். அதன் பிறகு போன் அலறவில்லை. மறுநாள் அம்மா போய்விட்டாள்.

அதே நாளில் அந்தச் சேவை வேறு முகவரிக்கு மாறியிருக்கிறது. அறிவிப்புகள் மூன்று, திறக்காத மெயில்களுக்கு நடுவில் கிடந்தன.

வெள்ளிக்கிழமை அறிக்கை போக வேண்டும். நகரத்துக்குக் குடிநீர் எடுக்கும் குழாயைத் தெற்குக் கரைக்கு மாற்றலாம் என்று அதில் எழுதியிருந்தேன். அறிக்கை போனால் என் ஒப்பந்தம் இரண்டு வருடம் நீளும். போகாவிட்டால் இந்த மாதத்தோடு சரி.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எழுந்து எங்கள் ஆய்வுக்கூடத் தலைவரின் அறைக்குப் போனேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு, "எல்லாம் பச்சையாத்தானேம்மா இருந்துச்சு?" என்றார்.

"நான் பச்சையாக்கி வச்சிருந்தேன் சார்."

பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள?"

"மாடலைத் திரும்ப ஓட்டிரலாம். சரிபார்க்க மூணு வாரமாவது வேணும்."

"அதுக்குள்ள உன் ஒப்பந்தம் முடிஞ்சிரும்."

"தெரியும்."

"படகுக்காரர் வேற யார்கிட்டயாவது சொன்னாரா?" கேட்டுவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தத் தண்ணியைக் குடிக்கப்போறது நாமதான் சார்."

அவர் போனை எடுத்து நகரசபையின் எண்ணைத் தேடத் தொடங்கினார். நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

அந்த ஒரு வரியை அழித்தேன். பெட்டிகளின் பணியோட்டத்தைத் தொடங்கியதும் இரண்டாவது பெட்டி சிவந்தது. பின்னால் இருந்தவை சாம்பல் நிறத்தில் காத்து நின்றன. போன் அலறியது. அலறட்டும் என்று சற்று நேரம் விட்டேன். பிறகு மெயிலிலிருந்து புது முகவரியைப் போட்டு, பழைய நாட்கள் அனைத்தையும் முதலிலிருந்து ஓடவிட்டேன்.

பழைய நாட்களின் காற்று ஒவ்வொன்றாக வந்தது. முதலில் வந்தது அம்மா போன நாள். வடக்கிலிருந்து, நொடிக்குப் பதினொரு மீட்டர். படகை இறக்க முடியாத காற்று. அன்று காற்று அடித்ததா என்று யோசித்தேன். ஆஸ்பத்திரி ஜன்னல் மூடியிருந்தது நினைவிருக்கிறது. திரைச்சீலை அசையவில்லை.

போனில் தங்கை. வழக்கமில்லாத நேரம்.

"மத்தியானம் உன் குரல் ஒரு மாதிரியா இருந்துச்சு. சாப்பிட்டியாக்கா?"

மேசையில் மதியச் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் இருந்தது.

"இல்ல."

இருவருமே போனை வைக்கவில்லை. திரையில் மூன்றாம் நாளின் காற்று வந்துகொண்டிருந்தது.