பொறுமை பிறந்த மாதம்

டவுன் ஹால் அடித்தளத்தில், ஊரின் மிகப் பழைய பதிவேட்டை ஒரு சின்னத் தலையணைமேல் விரித்து வைத்துக்கொண்டு, வெர்னா மெடைரோஸ் அந்த இரண்டு தேதிகளையும் நாலாவது தடவையாகப் படித்தாள். பீப்பாய் செய்கிற ஹெசக்கையா பிளம்முக்கும் டாம்சின் ரட்டுக்கும் கல்யாணம், 1652 நவம்பர் 14. பேஷன்ஸ் பிளம் பிறந்தது, 1652 பிப்ரவரி 2. மற்ற பக்கங்களையெல்லாம் கோழி கிளறியதுபோல எழுதி வைத்த எழுத்தர், இந்த இரண்டு வரிகளை மட்டும் முத்து முத்தாக எழுதித் தொலைத்திருந்தார். கல்யாணத்துக்கு ஒன்பது மாதம் முன்னாலேயே பிள்ளை. வெர்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தாள். தேதிகள் அசைந்து கொடுக்கவில்லை.

பேஷன்ஸ் பிளம் அவளுடைய அம்மாவழியில் பத்துத் தலைமுறைக்கு முந்திய பாட்டி. 1638இல் இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து இந்த ஊருக்கு, ஓல்ட்பரிக்கு, வந்த முதல் கப்பலில் ஹெசக்கையா இருந்தான். அந்தக் கப்பலின் வாரிசுகளுக்கென்று ஊரில் ஒரு சங்கம் உண்டு. ஜூன் மாதம் கூட்டம், கூட்டம் முடிந்ததும் விருந்து. முப்பது வருஷம் அந்த விருந்தின் எச்சில் தட்டுகளைக் கழுவியவள் வெர்னாவின் அம்மா ஹேட்டி. பத்து வயதில் வெர்னா பக்கத்தில் நின்று துடைத்துக் கொடுத்திருக்கிறாள். அம்மா செத்தபோது சங்கத்திலிருந்து ஓர் அனுதாப அட்டை வந்தது, பெயரை ‘பெட்டி’ என்று தப்பாக எழுதி. தட்டுக் கழுவினவளும் அதே கப்பல்தான் என்று அவர்கள் மேஜையிலேயே உட்கார்ந்து சொல்லவேண்டும். வெர்னாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் அதை வெறி என்றுதான் சொல்லவேண்டும்.

அவள் கணவன் ஜோ, படகு எஞ்சின்கள் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவன். அவனுடைய தாத்தா அஸோர்ஸ் தீவுகளிலிருந்து 1912இல் வந்தவர். விஷயத்தைக் கேட்டதும், வாணலியில் வதங்கிக்கொண்டிருந்த லிங்குவீசாத் தொத்திறைச்சித் துண்டுகளைத் திருப்பிவிட்டுச் சொன்னான்: “எங்க தாத்தா கப்பல்ல வந்ததுக்கு டிக்கெட்டே இருக்கு. உங்காளுங்க கல்யாணத்துக்கே கணக்கு உதைக்குது.”

“நீ சும்மா இரு ஜோ. எனக்கு அழுகை வருது.”

மூன்று நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தபோது எதிரே ஒரு காலண்டர் தொங்கியது. பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று ஏதோ கத்தினாள். வலிக்கிறதாக்கும் என்று டாக்டர் இன்னொரு ஊசி போட்டுவிட்டார். வீடு வந்து சேர்ந்தபோது பாதி வாய் மரத்துப்போயிருந்தது.

“மார்த்து!” என்றாள் ஜோவிடம். “மார்த்து இருவத்தஞ்து!”

“என்னது?”

எழுதிக் காட்டினாள். அந்தக் காலத்து இங்கிலீஷ்காரர்களுக்கு வருஷம் பிறப்பது மார்ச் 25ஆம் தேதி. ஆகவே 1652இல் முதலில் வருவது நவம்பர், அப்புறம்தான் பிப்ரவரி; நம் கணக்கில் அது 1653. முதலில் கல்யாணம், பிறகு குழந்தை! வெர்னா அவனைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் எச்சிலாக ஒரு முத்தம் கொடுத்தாள்.

ஜோ அந்தத் தாளையே கொஞ்ச நேரம் பார்த்தான். “நவம்பர், பிப்ரவரி. மூணு மாசந்தானே ஆகுது, வெர்னா?”

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

“பொறுக்க முடியாத ரெண்டு பேரு,” என்றான் ஜோ, “புள்ளைக்கு மட்டும் பேஷன்ஸ், பொறுமைன்னு பேரு வச்சிருக்காங்க பாரு!” அவன் சிரித்த சிரிப்பில் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எப்படியோ, பிள்ளை பிறந்தது கல்யாணத்துக்கு அப்புறம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு மறுநாளே சங்கத்தில் சேருவதற்கான மனுவை எடுத்துப் போனாள்.

சங்கத்தின் வம்சாவளிப் பதிவாளர் மெரிபா ஸ்டோடார்ட் தேநீர் கொடுத்து உட்காரவைத்தாள். மூன்று மாத விஷயத்தைப் பார்த்தும் பாராததுபோல அவள் கண் நகர்ந்து போனது.

“ஊர்ல ரெண்டு பிளம் இருந்தாங்க, வெர்னா. கப்பல்ல வந்த ஹெசக்கையா ஒருத்தர். பன்னெண்டு வருஷம் கழிச்சு வந்த ஜாப் பிளம் இன்னொருத்தர். பிறப்புப் பதிவுல அப்பா பேரே இல்லையே? ஜாப்பும் நல்ல மனுஷன்தான். ஆனா நம்ம கப்பல் இல்ல.”

அந்த ‘நம்ம’ வெர்னாவுக்குச் சுருக்கென்றது.

ஆறு வாரம் தேடிக் கடைசியில் ஊர்த் தேவாலயத்தின் சபை ஏட்டில் அகப்பட்டது. 1653 ஏப்ரல்: ‘ஹெசக்கையா பிளம்மும் மனைவி டாம்சினும் விவாகத்துக்கு முன் கூடிய பாவத்தைச் சபை நடுவே எழுந்து நின்று அறிக்கையிட்டார்கள். அதன்பின் அவர்கள் குழந்தை பேஷன்ஸுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது.’ கல்யாணமாகி ஏழு மாதத்துக்குள் பிள்ளை பிறந்தால் இப்படி எழுந்து நின்றாகவேண்டும், இல்லாவிட்டால் குழந்தைக்குத் தண்ணீர் தெளிக்கமாட்டார்கள். அப்பன் பெயர், ஆத்தாள் பெயர், பிள்ளை பெயர் மூன்றும் சேர்ந்திருந்தது உலகத்திலேயே அந்த ஒரு வரியில்தான். மானம் போன கதைதான் வம்சத்துக்குச் சாட்சி.

“நல்ல ஆதாரம்,” என்றாள் மெரிபா. குரலில் தேன் ஒழுகியது. “ஆனா ஆதாரத்தை மனுதாரரே கூட்டத்துல எழுந்து நின்னு வாசிக்கணும். விதி அப்படி, நான் என்ன பண்ணட்டும்? சங்கடமா இருந்தா மனுவை வாபஸ் வாங்கிக்கோங்க. யாருக்கும் தெரியாது. உங்கம்மாவும் ரொம்பக் கூச்ச சுபாவம்.”

அம்மா பேச்சை எடுக்கும்வரை வாபஸ் வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்தாள். “வாசிக்கறேன்,” என்றாள் வெர்னா.

ஜூன் மாதம் அந்தப் பழைய சபை மண்டபத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெண்களுக்கு வெள்ளைக் கையுறை, எல்லோர் மடியிலும் அவரவர் வம்சாவளி அச்சிட்ட நீலப் புத்தகம். கடைசி வரிசையில் ஜோ, பேரனின் கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டில். வெர்னா எழுந்தாள். முதல் வரியை முணுமுணுப்பாகத்தான் வாசித்தாள். ‘எழுந்து நின்று’ என்ற இடம் வந்ததும் டாம்சின் ஞாபகம் வந்தது. பத்து வாரக் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, ஊரே பார்க்க, இப்படித்தானே அந்தப் பெண்ணும் நின்றிருப்பாள்? இத்தனை நாள் வெர்னாவுக்கு அவள் பெயர் மட்டும்தான் வேண்டியிருந்தது. இப்போது அவள்மேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. மிச்சத்தைச் சத்தமாகவே வாசித்தாள்.

முன்வரிசையில் ஒருவர் செருமினார். மெரிபா தலையைச் சாய்த்துக்கொண்டு, பாவம் என்பதுபோலப் புன்னகை செய்தாள்.

“அவ்வளவுதான்,” என்றாள் வெர்னா. “ஏட்டைப் புரட்டினப்ப, கப்பல் குடும்பத்துலயே இதே மாதிரி எழுந்து நின்ன ஜோடிங்க இன்னும் பதினேழு கண்ல பட்டுச்சு. அந்தப் பேரையெல்லாம் நான் வாசிக்கப் போறதில்ல. அந்தக் காலத்துல வருஷம் மார்ச்சுலதான் பொறக்கும், அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டு கல்யாணத் தேதியிலேர்ந்து எண்ணிப் பாருங்க.”

பின்வரிசையில் ஜோ கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். முதலில் ஒரு நீலப் புத்தகம் மெதுவாகத் திறந்தது, பிறகு இன்னொன்று, பிறகு மண்டபம் முழுக்கக் காகிதச் சலசலப்பு. மடிமேல் கையுறைக்குள் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கத் தொடங்கின. மெரிபா ஸ்டோடார்ட்டின் கை நாலு விரல் மடங்கி ஐந்தாவதில் நின்றது. பிறகு எல்லா விரல்களையும் விரித்துவிட்டு, உதடு அசைய, மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.