வெர்னா வாங்கிய மிட்டாய்

கஞ்சா விற்பது சட்டப்படி செல்லும் டென்வர் நகரில், கஞ்சா கடை வாசலில் வெர்னாவிடமும் வயதுக்கு அத்தாட்சி கேட்டார்கள்.

"நரைச்ச தலை கண்ணுக்குத் தெரியலையா?" என்று எரிந்து விழுந்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் விமானப் பயணம். பறக்கும் பயத்தைத் தணிக்கத்தான் இந்தக் கடைக்கு வந்திருந்தாள்.

விற்பனையாளன் டோபின் கஞ்சா கலந்த எண்ணெய், மாத்திரை, மிட்டாய் என்று எடுத்துப் பரப்பினான்.

"இதைச் சாப்பிட்டா வாய் குளறுமா? நெஞ்சு படபடக்குமா?" என்று கேட்டாள் வெர்னா.

"இந்த மிட்டாய்ல பாதி போதும், மேடம். முதல்ல வீட்டுல சாப்பிட்டுப் பாருங்க."

"வீட்டுல எனக்கென்ன பயம், தம்பி? பிளேன்லதான். டெக்சாஸ்ல மகன் கல்யாணம்."

டோபின் மிட்டாய் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "டெக்சாஸா? அங்க இது குத்தம். பிடிச்சா கேஸ்தான். ஏர்போர்ட்டுக்கே கொண்டு போகாதீங்க."

"என் பாடு, நீ கொடு!"

சாயங்காலம் மிட்டாயைக் காலுறைக்குள் சுருட்டிக் கைப்பையில் வைத்தாள். மோப்ப நாய் நினைவு வந்தது, எடுத்தாள். பறக்கும் பயம் வந்தது, வைத்தாள். இப்படி எத்தனை தடவை என்று கணக்கே இல்லை.

காலையில் விமான நிலையச் சோதனை வரிசையில் ஒரு நாய் அவளைத் திரும்பிப் பார்த்தது. கடைசியாக வைத்தாளா, எடுத்தாளா? சத்தியமாக நினைவில்லை. பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். நாய் கொட்டாவி விட்டுவிட்டுப் போனது.

இருக்கையில் உட்கார்ந்ததும் பையைக் கவிழ்த்து, வேறெதையும் கவனிக்காமல், காலுறை ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப உதறிக்கொண்டே இருந்தாள். மிட்டாய் இல்லை.

"அப்பாடா!" என்றாள் சத்தமாக.

பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தார். "பறக்கறதுன்னா பயமோ?"

"ரொம்ப. எப்பக் கிளம்புது?"

"கிளம்பி அரைமணி நேரம் ஆச்சும்மா."