ஒரு தடிக்கு ஒரு ஆள்

என் கணவர் றொபேட் நல்ல மனிதர். இதை முதலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிச் சொல்லப்போவதைக் கேட்டால் டென்மார்க்கில் எங்கள் இக்காஸ்ட் ஊர்த் தமிழ்ச் சனம் என்னைத்தான் திட்டும். போத்தல் மூடியை நான் திருகத் தொடங்கினால் பறித்துத் திறந்து தருவார். கொம்மூன் என்கிற நகரசபையிலிருந்து எனக்கு அழைப்பு வந்தால் போனை வாங்கி அவரே கதைப்பார். நான் முதியோர் இல்லத்தில் இத்தனை வருடமாக டேனிஷ் பேசித்தான் சம்பளம் எடுக்கிறேன் என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவு வராது. "நீர் குடுத்து வைச்சவர், கிளோறியா" என்று மேரிகிறேஸ் அக்கா கோயிலில் சொல்லாத ஞாயிறு இல்லை. குடுத்து வைத்தது உண்மைதான். அதற்காக என் கையில் ஒரு வேலையுமே மிஞ்சக் கூடாதா?

இரண்டு வருடத்துக்கு முன் கூட வேலை செய்யும் லோனெ என்னை ஹியர்ட்ஸ்ஹால்ஸ் துறைமுகத்து அலைதடுப்புக்குக் கூட்டிப்போய்த் தூண்டிலைக் கையில் தந்தாள். அன்று பிடித்த சின்ன மீன்களை நானே இழுத்தேன், நானே கழற்றினேன். அதற்குப் பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு வானிலை பார்ப்பேன், காற்றின் வேகம் பார்ப்பேன், சோறு அடிப்பிடிக்கும்.

ஹலிபட் என்ற தட்டை மீன் மீது பைத்தியம் பிடித்தது அதைப் பற்றி வாசித்த பிறகுதான். குஞ்சாக இருக்கும்போது அது மற்ற மீன்களைப் போல நேராகத்தான் நீந்துமாம், பக்கத்துக்கு ஒரு கண். வளர வளர இடது கண் மெல்ல நகர்ந்து, தலையைத் தாண்டி, வலது பக்கம் வந்துவிடும். பிறகு கடலடியில் ஒரு பக்கமாகப் படுத்து, இரண்டு கண்ணாலும் மேலே பார்த்துக்கொண்டே வாழும். ஆண் சிறிதாகவே நின்றுவிடும். ஆளுயரத்துக்கு வளர்வதெல்லாம் பெண்தான். அது முட்டையிடவே பத்து வருடத்துக்குக் கிட்ட எடுக்குமாம். அதனால் பெரியதைப் பிடித்தால் அளந்து, படம் எடுத்து, திரும்ப விட்டுவிடுவது நான் சேர்ந்திருக்கும் மீன்பிடிக் கழகத்தின் வழக்கம்.

"பெரிசெல்லாம் பொம்பிளையோ? ஆர் சொன்னது?" என்றார் றொபேட். "பிடிச்சுப்போட்டு விடுறதுக்கோ இவ்வளவு தூரம் போறீர்?"

ஓம், விடுவதற்குத்தான். ஒன்றே ஒன்றை நான் தனியாக மேலே கொண்டுவர வேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை கழகத்துப் படகில் ஸ்காகராக் கடலுக்குப் போனோம். றொபேட்டும் வந்தார். தனியே விட மனம் கேட்கவில்லையாம். ஏறியதிலிருந்து வாந்திப் பையும் கையுமாக வாங்குப் பலகையில் சுருண்டு கிடந்தார். படகோட்டி பிறெபென் புதியவர்களுக்குத் தூண்டில் தடிச் சட்டம் சொன்னார்: ஒரு தடிக்கு ஒரு ஆள். மீன் தூண்டிலில் கொளுவிய பிறகு இன்னொருவருடைய விரல் பட்டாலும் அந்த மீன் பிடித்தவர் கணக்கில் சேராது. நான் றொபேட்டுக்கு அதைத் தமிழிலும் சொன்னேன். கைபட்டால் குற்றம் கால்பட்டால் குற்றம் என்று எங்கள் ஆட்கள் பகிடியாகச் சொல்வதை இவர்கள் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள்.

மத்தியானத்துக்குச் சற்று முன் என் தடி வளைந்தது. கடலடியில் ஏதோ மாட்டிவிட்டது என்று நினைத்தேன். பிறகு அந்தக் கடலடியே நகர்ந்தது. றீல் அலறிக்கொண்டு நூலைக் கொடுத்தது. டேனிஷ்காரர்கள் சத்தமில்லாமல் தங்கள் தூண்டில்களைச் சுருட்டிக்கொண்டு விலகி நின்றார்கள். ஒருவன் கோப்பியும் ஊற்றிக்கொண்டான். அதுதான் அவர்களுடைய மரியாதை. எங்கள் கல்யாண வீட்டில் ஒருத்தி சோற்றுப் பானையைத் தனியே தூக்க, நாலு பேர் கோப்பி குடித்துக்கொண்டு நின்றால் மூன்று தலைமுறைக்குக் கதை ஓடும்.

இழுப்பேன், சுற்றுவேன், அது திரும்ப இறங்கும். முதுகு எரிந்தது. நான் சந்தோசமாக இருந்தேன். அவ்வளவு சந்தோசமாக எப்போது இருந்தேன் என்று ஞாபகமில்லை.

றொபேட் எழுந்து வந்தார். "விடும், நான் பிடிக்கிறன்."

"தொடாதேங்கோ!"

"உம்மட கை நடுங்குது."

"நடுங்கட்டும்!"

கைகளைப் பிசைந்தார். அங்கே நடந்தார், இங்கே நடந்தார். "இவங்கள் என்ன, பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள்?" என்று சுற்றியிருந்தவர்களைத் தமிழில் ஏசினார். மீன் மறுபடி இழுக்க நான் ஓரடி முன்னே சறுக்கினேன். அவ்வளவுதான், இரண்டு கையாலும் தடியைப் பற்றிவிட்டார்.

பிறெபென் என்னைப் பார்த்தார், பிறகு கடலைப் பார்த்தார்.

"உங்கட கை பட்டிட்டுது," என்றேன். "இனி அது என்ர மீன் இல்லை."

"என்ன விசர்க்கதை? மீன் வந்தால் சரிதானே!"

எனக்கு வந்த கோபத்தில் தலை கொதித்தது. இரண்டு கையையும் எடுத்துவிட்டேன். "அப்ப பிடியுங்கோ."

அவர் றீலின் பிரேக்கை இறுக்கித் திருகி, மூச்சு வாங்க வாங்கச் சுற்றினார். மீன் களைத்துப்போனது போலச் சத்தமில்லாமல் மேலே வந்தது. மண்ணிற முதுகு, கதவளவு அகலம். இரண்டு கண்களும் எங்களைப் பார்த்தன. நிச்சயமாகப் பெண்தான். அழகு என்றால் அப்படி ஓர் அழகு.

"பாத்தீரே? லேசாய் வருது," என்று சிரித்தார்.

படகைக் கண்டதும் ஹலிபட் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பேசாமல் நிற்கலாமா என்று ஒரு கணம் கெட்ட எண்ணம் வந்தது. ஆனாலும் மனம் கேட்கவில்லை.

"பிரேக்கை இளக்குங்கோ! அது இப்ப கீழ பாயும்!"

"பேசாமல் இரும். வருதுதானே."

வால் ஒருமுறை அடித்தது. எல்லோரும் நனைந்தோம். தடி படகின் ஓரக் கம்பியில் மோதியது. நூல் வெடித்த சத்தம் எனக்குள்ளே கேட்டது போல இருந்தது. பிறகு வெறும் தண்ணீர்தான்.

றொபேட் பின்னால் விழுந்து, எழுந்து, அறுந்த நூலைப் பார்த்தார். முகம் வெளிறியிருந்தது. "பறவாயில்லையப்பா," என்றார். "திங்கட்கிழமை கடையில வாங்கித் தாறன்."

எனக்கு அழுகைதான் வந்தது. "எனக்கு மீன் வேண்டாம். எனக்கு இழுக்கத்தான் வேணும்."

அவர் அறுந்த நூலை விரலில் சுற்றினார். பிறகு மெல்லக் கேட்டார்: "தனிய இழுத்து, உம்மால ஏலாமல் போயிருந்தால்?"

"ஏலாமல் போயிருக்கும்," என்றேன். "அதுவும் எனக்குத்தானே."

உண்மையிலேயே அப்படி ஒன்றை அவர் ஒருநாளும் யோசித்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வாங்கில் போய் உட்காராமல் அங்கேயே நின்றார்.

நான் தடியை எடுத்தேன். புதுத் தூண்டில் முள் கட்ட வேண்டும். விரல்கள் குளிரில் மரத்திருந்தன. முடிச்சு நழுவியது. திரும்பப் போட்டேன், திரும்ப நழுவியது. என் கண்ணுக்கு முன்னால் அவருடைய இரண்டு கைகளும் நீண்டு வந்தன. பாதியில் நின்றன. பிறகு ஜாக்கெட் பைகளுக்குள் போயின.

அடுத்த முடிச்சையும் நானே பிழையாகப் போட்டேன்.