சுண்டுவிரல் அளவு

என் மனைவி தமயந்தி இறந்த பிறகு அவளுடைய துப்பாக்கிக்கு மறுமணம் செய்துவைக்க வேண்டியிருந்தது. ரைபிள் கிளப்பின் வழக்கம் அது. சுடுகிறவர் போய்விட்டால் துப்பாக்கி ஏதாவது ஒரு தோட்டாவோடு பொருந்திக் காட்ட வேண்டும். பொருந்தினால் வீட்டிலேயே இருக்கலாம். இல்லையென்றால் கிளப்பின் அலமாரிக்குப் போய்விடும். அலமாரிக்குப் போன எதுவும் திரும்பி வந்ததில்லை.

எனக்குச் சுடத் தெரியாது. துப்பாக்கி வீட்டில் இருந்தால் போதும். அதன் கட்டையில் தமயந்தி கன்னம் வைக்கும் இடத்தில் மட்டும் பாலிஷ் போயிருந்தது. தினமும் காலையில் அந்த இடத்தைத் தொட்டுவிட்டுத்தான் நான் பல் விளக்கப் போவேன்.

நல்ல நேரம் பார்த்துக் கிளம்பினோம். துப்பாக்கிக்குப் பட்டு வேட்டி கட்டிவிட்டிருந்தேன். பஸ்ஸில் அதற்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். நான் நின்றுகொண்டே வந்தேன்.

தரகர் நாச்சிமுத்து வாசலில் பன்னீர்ச் செம்போடு காத்திருந்தார். தோட்டாப் பொருத்தம் பார்ப்பதில் கோயமுத்தூரிலேயே அவரை விட்டால் ஆள் இல்லை.

"வாங்க, வாங்க. மாப்பிள்ளை கொஞ்சம் இளைச்சுட்டாப்பலங்க."

"எண்ணெயெல்லாம் போட்டுட்டுத்தானுங்க இருக்கேன்."

"எண்ணெயில என்னங்க இருக்குது? எல்லாம் மனசு."

ஒரே நாளில் ஒரே இயந்திரத்தில் செய்த தோட்டாக்களை ஒரு லாட் என்பார்கள். ஒரே கம்பெனியாக இருந்தாலும் லாட்டுக்கு லாட் குணம் மாறும். ஒரு துப்பாக்கியின் குழலுக்கு, அதாவது பேரலுக்குப் பிடித்தது இன்னொரு பேரலுக்கு ஆகாது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. தமயந்தி என்னை ஏன் கட்டிக்கொண்டாள் என்பதும் யாருக்கும் தெரியாது.

நாச்சிமுத்து துப்பாக்கியின் வேட்டியை அவிழ்த்து, துப்பாக்கியை ஆடாமல் பிடித்துக்கொள்ளும் இரும்பு வைஸில் இறுக்கிக் கட்டினார். சுடும் ஆளின் மூச்சும் நாடியும் குறுக்கே வரக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. விசையை இழுப்பது மட்டும் என் வேலை.

டார்கெட் காகிதம் வெகுதூரத்தில் ஒரு கடுகாகத் தெரிந்தது.

"ரேஞ்சு இவ்வளவு நீளமாங்க?"

"துக்க வீட்டுக்காரங்க வந்தா நீண்டுக்கும்ங்க. நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் ஒரு பைனாகுலரை என் கழுத்தில் மாட்டிவிட்டார்.

லாட்டுகள் சுவரோரமாக நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு டப்பாவுக்கும் பூச் சுற்றியிருந்தது. எனக்கு ஒரு தட்டில் கேசரியும் போண்டாவும் வந்தன. துப்பாக்கிக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். அது தொடவில்லை.

முதல் லாட் அடக்கமானது. குண்டுகள் பாதி தூரம் போய் நின்று, கூச்சத்தோடு திரும்பிப் பார்த்தன. இரண்டாவது லாட் கெட்டிக்கார லாட். குண்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் பாய்ந்தன, ஆனால் பக்கத்து ஆளின் டார்கெட்டில். மூன்றாவது லாட்டை ஏற்றியதுமே பேரலுக்குள் விசும்பல் கேட்டது. நாச்சிமுத்து அதை மெதுவாக வெளியே எடுத்து, பூவைச் சரிசெய்து, நாற்காலியில் உட்காரவைத்தார்.

"மாப்பிள்ளை முகமே குடுக்க மாட்டேங்கிறாருங்க. பழைய லாட் மிச்சம் இருக்குதுங்களா?"

சட்டைப் பையில் இருந்தது. தமயந்தி கடைசியாகத் திறந்த டப்பாவில் மிஞ்சியவை. ஐந்து தோட்டாக்கள். நான் எதற்காக எடுத்து வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"பழசே பொருந்துனாலும் சரிங்க. அஞ்சும் ஒரே ஓட்டையில போகோணும். போச்சுன்னா துப்பாக்கிய நீங்க கூட்டிட்டுப் போயிரலாம்."

நான்கைச் சுட்டேன். நான்கும் ஒரே ஓட்டையில் போயின. துப்பாக்கி முதல் முறையாகக் கேசரியைப் பார்த்தது.

பைனாகுலரில் பார்த்தேன். அந்த ஓட்டைக்குள்ளிருந்து ஒரு சுண்டுவிரல் வெளியே வந்தது.

அவள் பழக்கம் அது. ஒவ்வொரு லாட்டையும் சோதித்த பிறகு, ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பாள். இறுக்கமாக நுழைந்தால் லாட்டை வாங்குவாள். தளர்வாக நுழைந்தால் வேண்டாம் என்பாள். ஒருமுறை நானும் விட்டுப் பார்த்தேன். நகத்துக்கு மேல் போகவில்லை. "இது விரலா, வாழப்பூவாங்க?" என்று வீடு வரும்வரை சிரித்தாள்.

ஓட்டையில் தெரிந்த விரலின் நகத்தில் மருதாணி பாதி வளர்ந்து போயிருந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும் அப்படித்தான் இருந்தது.

"அஞ்சாவத சுடுங்க" என்றார் நாச்சிமுத்து.

"விரல் இருக்குதுங்களே."

அவர் பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். "ஆமா. நல்ல விரல்."

"பட்டுருமே."

"கண்டிப்பாப் படும்ங்க. இந்த லாட் தப்பவே தப்பாது. அதுதானுங்களே பொருத்தம்."

"எடுக்கச் சொல்ல முடியாதுங்களா?"

"யார்கிட்டங்க சொல்றது?"

துப்பாக்கி என்னைப் பார்த்தது. நான் துப்பாக்கியைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் அவள்தான் எல்லாம். இதை நாங்கள் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

"உங்ககிட்ட இருக்கிறதுலயே மோசமான லாட் எதுங்க?" என்று கேட்டேன்.

நாச்சிமுத்து தயங்கினார். பிறகு கதவுக்குப் பின்னால் போய், பூ வைக்காத ஒரு டப்பாவை எடுத்து வந்தார். "இத யாருக்கும் காட்டறதில்லைங்க. எங்க போகும்னு அதுக்கே தெரியாது."

"இதுதான் வேணும்."

"துப்பாக்கி போயிருமேங்க."

"தெரியும்ங்க."

விசையை இழுத்தேன். குண்டு கிளம்பி, கொஞ்சம் யோசித்து, கூரைக்குப் போய், அங்கிருந்து இறங்கி என் போண்டாவில் பாய்ந்தது. காகிதத்தில் விரல் அப்படியே இருந்தது. அசையவே இல்லை. நான் உட்கார்ந்து அழுதேன். நாச்சிமுத்து என் தோளில் பன்னீர் தெளித்தார்.

அவரே துப்பாக்கியை வைஸிலிருந்து அவிழ்த்தார். அதற்கு வேட்டி கட்டிவிட நான் எழுந்தேன். வேண்டாம் என்றார். அலமாரிக்குள் வேட்டி கூடாதாம். துப்பாக்கி அவரோடு நடந்து போனது. கன்னம் வைக்கும் இடம் கடைசிவரை என் பக்கமாகவே இருந்தது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"காகிதத்த எடுத்துக்கிறேங்க" என்றேன்.

"தாராளமா."

நடக்கத் தொடங்கினேன். ரேஞ்ச் இப்போது ஒரு கை நீளம்தான் இருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் விரல் உள்ளே போயிருந்தது. ஓட்டை மட்டும் இருந்தது. குனிந்து பார்த்தேன். இருட்டு.

என் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். நகத்துக்கு மேல் போகவில்லை.

மறுபக்கத்தில் யாரோ அந்த நகத்தைப் பிடித்தார்கள். அழுத்திப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் வைத்திருந்தார்கள். பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது.