ஏசுவடியான் பறந்த கதை

பதினேழாவது வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருக்கிறான் ஏசுவடியான் அண்ணன், மதுரையில் விமானப் படைக்கு ஆள் எடுக்கும் கட்டடத்துக்கு வெளியே, வேப்பமரத்தடியில், எடை இரண்டு பவுண்டு குறைகிறது என்று வெள்ளைக்கார டாக்டர் திருப்பியனுப்பிவிட்டார், மத்தியானத்துக்குள் ஏற்றியாக வேண்டும், நான் அங்கே இல்லை, பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன், ஆனாலும் அவன் சொல்லிச் சொல்லி அந்தத் தோல்கூட எனக்குத் தெரிகிறது, மூச்சை அடக்கிக்கொண்டு தராசில் நிற்கிறான், விட்டால் பழமெல்லாம் வெளியே வந்துவிடும், முள் நகர்கிறது, எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

அம்மா நம்பவில்லை, ஏலே, ஊஞ்சல் ஆடினாலே வாந்தி எடுக்குத பய, ஒனக்கு ஏரோப்ளேனா என்றாள், தூத்துக்குடி பஸ்ஸில் அவன் பக்கத்தில் நாங்கள் யாரும் உட்காருவதில்லை என்பது உண்மைதான், சண்டை முடியுததுக்குள்ள பழகிரும்மா என்று சிரித்துக்கொண்டே பெட்டியைக் கட்டினான், வடக்கேயிருந்து கடிதங்கள் வருகின்றன, முதல் தடவை மேலே போனபோது தொப்பிக்குள்ளேயே வாந்தி எடுத்தானாம், இறங்கியதும் பயிற்சியாளருக்கு சல்யூட் அடிக்க வேண்டும், தொப்பியில்லாமல் அடிக்கக்கூடாது, அப்புறம் என்ன செஞ்சே என்று எழுதிக் கேட்டேன், போட்டுக்கிட்டேன் என்று பதில் வந்தது, அதைச் சாப்பாட்டு வேளையில் உரக்கப் படித்து அப்பாவிடம் திட்டு வாங்கினேன், பிறகொரு கடிதம், இன்று தனியாகப் பறந்தேன், குமட்டவேயில்லை, அம்மா அதைத் தெரு முழுக்கக் காட்டினாள், மகன் விமானி ஆனதைவிட அவன் வயிறு சரியானதே அவளுக்குப் பெரிது.

அந்தக் கடிதம் வந்த எட்டாம் நாள் தந்தி, பயிற்சியின்போது விமான விபத்து, மரணம், அடக்கம் அங்கேயே முடிந்தது, அப்பா தமிழில் சொல்லி முடித்ததும் அம்மா கேட்டாள், வயித்துக் கோளாறா, நான் சிரித்துவிட்டேன், பதிமூன்று வயது, அடக்க முடியவில்லை, அந்தச் சிரிப்பு இன்னும் தொண்டையில்தான் இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து அவனோடு பயிற்சி பெற்ற ஹர்பன்ஸ் சிங் வந்தார், தலைப்பாகையைப் பார்க்கத் தெருவே எங்கள் வாசலில், அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, சாப்பிடுங்கய்யா, இன்னும் ரெண்டு வைக்கேன், அவர் போதும் என்று தலையாட்ட ஆட்ட இடியாப்பம் விழுந்துகொண்டேயிருக்கிறது, பிறகு என்னைப் பார்த்து, எம்புள்ளைக்கு என்னாச்சின்னு கேளு என்றாள்.

என் பள்ளிக்கூட இங்கிலீஷில் கேட்டேன், மேலே எழும்பியதுமே எஞ்சின் நின்றுவிட்டது, நேரே இறக்கியிருக்க வேண்டும், பயந்துபோய்க் கிளம்பிய இடத்துக்கே திருப்பிவிட்டான் என்றார், என்னட்டி சொல்லுதாரு என்றாள் அம்மா, அண்ணன் பயப்படவேயில்லையாம்மா என்றேன், அம்மா என்னை நம்பாமல் அவரையே பார்த்தாள், அவர் இடது உள்ளங்கையை விரித்து விமானமாக்கினார், எழுந்தது, நின்றது, திரும்பியது, ஒரு பக்கமாகச் சரிந்து மேசையை நோக்கி வருகிறது, அம்மா சட்டென்று தன் இரண்டு கைகளையும் அதன் கீழே நீட்டித் தாங்கிக்கொண்டாள், பிடித்தவள் விடவில்லை, ரயிலுக்கு நேரமாச்சு, கையை விடு என்கிறார் அப்பா, அவள் காதில் விழவில்லை, ஹர்பன்ஸ் கையை இழுத்துக்கொள்ளவுமில்லை, எச்சில் கை காயக் காய அப்படியே உட்கார்ந்திருக்கிறார், தூரத்தில் ரயில் கூவிக்கொண்டு போகிறது.