பந்து உருளும் வீடு

கோல்ஃப் பந்தைத் தரையில் வைத்ததுதான் தாமதம், அது வாசலிலிருந்து கிளம்பி, சமையல் மேடையைத் தாண்டி, சோபாவுக்கு அடியில் நுழைந்து வெளியே வந்து, கிழக்குச் சுவரில் டொக்கென்று முட்டி நின்றது. வீடு வாங்க வந்த கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்காரி வெர்னா ஸ்கோக்லண்ட் பல்லைக் கடித்தாள்.

"பாத்தீங்கல்ல? கட்டடம் எறங்குது," என்றான் கிரெய்க். அவர்களைக் கூட்டிவந்த தரகன் அவன்தான்.

"நூத்தி இருவது வருஷமா நிக்குதுப்பா இந்தக் கட்டடம்!"

"அதான் அலுத்துப்போச்சு போல. இப்ப உக்காரப் பாக்குது."

அவ்வளவுதான், வந்தவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கிரெய்க் பந்தைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். இதே பந்தால் அவன் கலைத்த மூன்றாவது வியாபாரம் இது. அவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளலாமா என்று வந்தது வெர்னாவுக்கு.

கேலிக்கூத்து என்னவென்றால், வெர்னாவும் தரகிதான். மினியாபொலிஸில் பழைய கிடங்குகளை வீடாக்கிய அந்த வட்டாரத்தில் லாஃப்ட் என்கிற அந்தக் கிடங்கு வீட்டை வாங்கவோ விற்கவோ வேண்டுமென்றால் இருபத்திரண்டு வருடமாக அவளைத்தான் தேடி வருவார்கள். ஊரார் வீட்டையெல்லாம் விற்றுக் கொடுத்தவளுக்கு, தான் குடியிருந்த 304-ஐ விற்க முடியவில்லை. விற்றே ஆகவேண்டும். அதே கட்டடத்தின் ஆறாவது மாடி மூலை வீடு, 602, விலைக்கு வந்திருந்தது. இரண்டு பக்கமும் ஆளுயர ஜன்னல், கிழக்கே மிசிசிப்பி ஆறு. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்துக்கும் அங்கே போய், கையிலிருக்கும் ஒயின் சூடாகிப்போகும்வரை அந்த ஜன்னலை விட்டு நகராதவள் அவள். 602-இன் சொந்தக்காரர் பிராண்ட்வோல்ட், அரிசோனாவுக்குக் குடிபோகிற பல் டாக்டர், தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் ஒனக்காக வச்சிருப்பேன் வெர்னா. அதுக்கப்புறம் யார் வந்தாலும் குடுத்துருவேன், கோவிச்சுக்காத." அன்று திங்கள்.

வெர்னா கொதிப்போடு கீழே இறங்கினாள். லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் கட்டடத்தின் பழைய வரைபடம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. எத்தனை பேரை அதன் முன்னால் நிறுத்தி, "பாருங்க, 1906, அசல்" என்று அளந்திருப்பாள்! எல்லாரும் படம் பிடித்துக்கொண்டு போனார்களே தவிர, ஒருத்தராவது அதைப் படித்ததில்லை. அவளும்தான் படித்ததில்லை. அன்றைக்கு ஏதோ ஒரு எரிச்சலில் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போனாள். ஓரத்தில் எறும்பு எழுத்தில் இருந்தது: எல்லாத் தளமும் இருபதடிக்கு ஒரு அங்குலம் கிழக்கே சரிய வேண்டும், தீயணைக்க அடிக்கும் தண்ணீர், சுவரடித் துவாரங்கள் வழியே வெளியேற.

"அடப்பாவி!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டாள். தபால் எடுக்க வந்தவர் திரும்பிப் பார்த்தார். யாரைத் திட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பழமையை விற்றுப் பிழைத்துவிட்டு, அதை ஒரு தடவை படித்துப் பார்க்கவில்லையே!

மறுநாள் காலை சுத்தியலை எடுத்துக்கொண்டு, கிழக்குச் சுவரடியில் ஒட்டியிருந்த பலகையைப் பெயர்த்தாள். உள்ளே சுண்ணாம்பும் கசங்கிய காகிதமுமாக அடைத்துக் கிடந்தது. சுரண்டச் சுரண்ட, முஷ்டி நுழையும் அளவுக்கு ஒரு இரும்பு வாய் தெரிந்தது. வெளிப்பக்கம் செங்கல் வைத்து மூடியிருந்தார்கள். முட்டி தேய்ந்து ரத்தம் வந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. புதன்கிழமை ஒரு பொறியாளரை வரவழைத்துத் தூண்களையும் சுவர்களையும் அளக்கவைத்தாள். கட்டடம் இம்மியும் இறங்கவில்லை, சரிவு கட்டும்போதே வைத்தது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வியாழக்கிழமை கிரெய்க் இன்னொருத்தியைக் கூட்டிவந்தான். பா ஹூவா லோர் என்ற ரொட்டிக்கடைக்காரி. உள்ளே வந்ததும் வராததுமாகச் செங்கல்லைத் தட்டினாள், தூணைத் தட்டினாள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. பதினோரு லாஃப்ட் பாத்துட்டேன். பழசு பழசுங்கறாங்க. தட்டினா எல்லாம் போன வருஷம் ஒட்டினது."

"தட்டும்மா, நல்லாத் தட்டு," என்றாள் வெர்னா.

கிரெய்க்கின் கை சட்டைப்பைக்குப் போயிற்று.

"அத உள்ளயே வையி ராசா. எங்க வீட்டுலயே பந்து இருக்கு." வாசலோரம் ஒரு கூடை நிறையக் கோல்ஃப் பந்து. அதில் ஒன்றை எடுத்து பா ஹூவாவிடம் நீட்டினாள். "இந்தா. இங்கருந்து விடு."

பந்து உருண்டது. சமையல் மேடை, சோபா, கிழக்குச் சுவர், அங்கே முட்டவில்லை. இரும்பு வாய்க்குள் விழுந்து கணீரென்றது. கிரெய்க் வாயைப் பிளந்தான். வெர்னா வரைபடத்தின் நகலையும் பொறியாளரின் காகிதத்தையும் மேடையில் விரித்து, தண்ணீர் ஓடிய கதையைச் சொன்னாள்.

பா ஹூவா சுவரடியில் மண்டிபோட்டு, இரும்புக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். "இத யாரும் ஒட்டவைக்க முடியாது," என்று சிரித்தாள். "கிரெய்க், எழுதுங்க. கேட்ட வெலைக்கே."

"கொஞ்சம் கொறச்சுக் கேட்டுப் பாப்போமே..."

"நீங்க பேசாம எழுதுங்க!"

வெர்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைத்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை மதியமே பிராண்ட்வோல்டின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தாள்.

மே மாதம் 602-இல் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கிரெய்க்.

"வெர்னா, ஒரு ஒதவி. 405-ஐ விக்க எங்கிட்டக் குடுத்திருக்காங்க. ஒங்க கதை ஊரெல்லாம் பரவி, வர்றவன்லாம் பந்தோட வர்றான். அந்த வீட்டுக்காரர் சிமெண்டு ஊத்தித் தரையச் சமமாக்கி வச்சிருக்கார். பந்து அசையவே மாட்டேங்குது! போலின்னு சொல்லிட்டுப் போறாங்க. நான் என்னதான் சொல்றது?"

"கட்டடத்துக்கு உக்காந்து உக்காந்து அலுத்துப்போச்சாம், எந்திரிச்சு நின்னுக்கிச்சுன்னு சொல்லு."

போனை வைத்துவிட்டு, கூடையிலிருந்து ஒரு பந்தை எடுத்து வாசலடியில் விட்டாள். பெட்டிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து உருண்டு, ஆற்றைப் பார்த்த ஜன்னலடியில் போய் நின்றது. வெர்னா ஒயினை ஊற்றிக்கொண்டு அதன் பின்னாலேயே போனாள்.